ஐந்துக்கு ஏழு: ஒரு கோலத்திலிருந்து ஒரு பாட்டு

ஐந்து வரிசை, வரிசைக்கு ஏழு என்று நேர்ப்புள்ளி வைத்து, நடுவில் எங்கேயும் மடக்காமல் எல்லாப் புள்ளியையும் சுற்றி வளைத்துச் சிக்குக் கோலம் போட்டால், கோடு ஒரே கோடாக ஓடிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். நான்குக்கு ஆறு வைத்தால் இரண்டு கோடு வரும். ஆறுக்கு ஒன்பது என்றால் மூன்று. ஏழுக்கு ஏழு வைத்தால் ஏழு கோடு. இரண்டு எண்ணையும் மீதியில்லாமல் வகுக்கிற மிகப் பெரிய எண் எதுவோ, அத்தனை கோடு. ஐந்தையும் ஏழையும் சேர்த்து வகுக்க ஒன்றைத் தவிர வேறு எண் கிடையாது, அதனால் ஒரே கோடு.

இது எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் கோலம் மட்டும் இல்லை. ஐந்தும் ஏழும் தாளத்திலும் இருக்கின்றன. கர்நாடக இசையில் கண்ட சாபு தாளத்துக்கு ஐந்து எண்ணிக்கை, மிஸ்ர சாபு தாளத்துக்கு ஏழு. இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கி வாசித்தால் 35 எண்ணிக்கை கழித்துத்தான் மறுபடி ஒன்றாக விழும், அதற்கு முன்னால் ஒரு தடவைகூட விழாது. கோலத்தில் கோடு சீக்கிரம் மூடாமல் எல்லாப் புள்ளியையும் பார்த்துவிட்டு வருவதும், தாளத்தில் இரண்டும் சீக்கிரம் சந்திக்காமல் இழுத்துக்கொண்டு போவதும் ஒரே கணக்குத்தான். கண்ணுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று.

நான் பினாங்கில், ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடியில் இருக்கிறேன், வேலை பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில். வேலை முடிந்து வந்து பசியாறிவிட்டு உட்கார்ந்தால் மடிக்கணினியில் ஏதாவது மெட்டுப் போடுவேன், இல்லாவிட்டால் படம் வரைவேன். சின்ன வயதில் கோயில் தேவார வகுப்பில் கற்ற சுரஞானம்தான் இருக்கிறது, ஓவியத்துக்கு அதுவும் இல்லை. பல வருடமாக இரண்டும் வேறு வேறு கோப்புறைகளில் தனித்தனியாகத்தான் கிடந்தன. இந்த ஐந்துக்கு ஏழு வந்த பிறகுதான் இரண்டும் ஒரே வேலையாக ஆனது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள், கணக்கில்தான் அழகே இருக்கிறது.

ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் நான்கு வளைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போகிற கால் வட்டம் ஒரு வளைவு. மொத்தம் 35 புள்ளி, ஆக 140 வளைவு. ஒரு வளைவுக்கு ஓர் எண்ணிக்கை என்று தாளத்தில் வைத்தால் கோலம் மூடுவதற்கு 140 எண்ணிக்கை ஆகும். அதாவது மிஸ்ர சாபு 20 சுற்று, கண்ட சாபு 28 சுற்று. மென்பொருளில் வேகத்தை நிமிடத்துக்கு 140 என்று வைத்துவிட்டால் சரியாக ஒரு நிமிடத்தில் கோலம் முடிந்துவிடும். இதை நான் திட்டமிடவே இல்லை, எண்ணிப் பார்த்தபோது தானாக வந்து நின்றது. அன்றைக்கு ராத்திரி தூங்கப் போகவே மனசு வரவில்லை.

கோலத்தைக் கணினிக்குக் கொண்டுபோனவர்கள் எனக்கு முன்னால் பெரிய ஆட்கள் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தாம்பரத்தில் இருக்கிற சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவர்களோடு கமலா கிருதிவாசன், மூன்று பேரும் சேர்ந்து 1974இலேயே கோலத்தை வைத்துக் கணினியின் பட இலக்கணத்தை, அதாவது விதிகளைக் கொண்டு படத்தை உருவாக்கும் முறையைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். நம் வாசலில் தினமும் நடக்கிற ஒன்று கணினி அறிவியலுக்குப் பாடமாகி ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

சரி, பாட்டுக்கு வருகிறேன். ஐந்து வரிசை இருக்கிறது, மோகன ராகத்தில் ஐந்து சுரம் இருக்கிறது. கீழ் வரிசை சட்ஜம், அதற்கு மேல் ரிஷபம், காந்தாரம், பஞ்சமம், மேல் வரிசை தைவதம். கோடு எந்த வரிசைப் புள்ளியைச் சுற்றுகிறதோ அந்தச் சுரம் ஒலிக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. கோடு எப்போதும் சாய்வாகத்தான் போகும் என்பதால் ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு எண்ணிக்கை நிற்கும், மேலும் கீழும் திரும்புகிற வரிசைகளில் மட்டும் நான்கு. கண்ட சாபுவில் எழுதிப் பார்த்தால் இப்படி வருகிறது:

ச ச ச ச ரி | ரி க க ப ப | த த த த ப | ப க க ரி ரி

இருபது எண்ணிக்கை, நான்கு சுற்று. இது அப்படியே திரும்பத் திரும்ப ஏழு தடவை வந்தால் ஒரு கோலம். பார்ப்பதற்குப் பாட்டு கற்கத் தொடங்குகிறவர்கள் பாடுகிற சரளி வரிசை மாதிரிதான் இருக்கிறது. ஆனால் வாசித்துப் பாருங்கள், இரண்டாவது சுற்றிலும் நான்காவது சுற்றிலும் தட்டு விழுகிற இடத்தில் போன சுரமே நீண்டு நிற்கிறது. அந்த இழுப்பு கேட்க நன்றாக இருக்கிறது.

குறுக்கே ஏழு நெடுக்கு வரிசை இருக்கிறதே, அதற்கு என்ன கொடுப்பது என்று நிறைய யோசித்தேன். கடைசியில் இடது காது, வலது காது என்று கொடுத்தேன். கோடு இடப்பக்கம் போகும்போது ஒலி இடப்பக்கம், வலப்பக்கம் போகும்போது வலப்பக்கம். இடமிருந்து போய்த் திரும்பி வர 28 எண்ணிக்கை, அது மிஸ்ர சாபு நான்கு சுற்று. ஆக சுரம் கண்டத்தில் ஏறி இறங்குகிறது, அதே ஒலி மிஸ்ரத்தில் பக்கம் மாறுகிறது. ஒரே எண்ணில் இரண்டும் திரும்புவதே இல்லை. மூலைக்கு வரும்போதுகூட ஓர் எண்ணிக்கை முன்பின்னாகத்தான் திரும்பும். காதில் ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டால்தான் இது முழுதாகப் புரியும், ஒலிபெருக்கியில் பாதி போய்விடும்.

அடுத்தது கொட்டு. பினாங்கில் வளர்ந்தவனுக்குத் தாளம் என்றால் முதலில் உறுமிதான் ஞாபகம் வரும். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்கு ஏறுகிற வழியில், தண்ணீர்ப் பந்தல் ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்க, காவடிக்கு முன்னால் ஓர் உறுமி மேளமும் பின்னால் வருகிற காவடிக்கு இன்னோர் உறுமி மேளமும் வெவ்வேறு நடையில் வாசித்துக்கொண்டு போவார்கள். நடுவில் மாட்டிக்கொண்டு நடக்கிறவனுக்கு இரண்டு தாளமும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து விலகி மறுபடி விழும். எனக்கு ஐந்தும் ஏழும் சேர்த்துக் கேட்க ஆசை வந்ததே அங்கேதான் என்று நினைக்கிறேன்.

என் சித்தப்பா மகன் பிறை ஊர்ப் பக்கம் ஓர் உறுமி மேளக் குழுவில் வாசிக்கிறான். அடுக்குமாடியில் உறுமி வாசிக்க முடியாது, அதனால் அவர்கள் பயிற்சி செய்கிற இடத்துக்கே நான் போனேன். உறுமியை நீங்கள் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். ஒரு முகத்தில் நேர்க் குச்சியால் அடிக்கிறான். மறு முகத்தில் வளைந்த குச்சியை அழுத்தித் தேய்க்கிறான், தேய்க்கும்போது தோல் அதிர்ந்து அந்த "ம்ம்ஊஉம்" எழுகிறது. அழுத்தம் கூடக் கூட ஒலி மேலே ஏறுகிறது, விட்டால் சரிகிறது. இதில் சுரம் ஓர் இடத்தில் நிற்பதே இல்லை. "அண்ணே, ஒன்னு ஒன்னா தனியாக் கேட்டா எனக்கு வராது, நடையில வாசிக்கிறேன், நீங்க வெட்டிக்குங்க" என்றான். அவன் சொன்னது சரி. நடையில் வாசித்த ஒலிப்பதிவிலிருந்து வெட்டி எடுத்த உறுமலுக்குத்தான் உயிர் இருந்தது, தனியாக அடித்துக் காட்டியது எல்லாம் மருத்துவரிடம் வாயைத் திறந்து காட்டியதைப் போல இருந்தது.

கைத்தொலைபேசியில் பதிகிறவர்களுக்கு ஒன்று. பல தொலைபேசிகள் சத்தம் கூடினால் தானாகவே அடக்கிவிடும், குறைந்தால் தானாகத் தூக்கிவிடும். பேச்சுக்கு அது நல்லது, உறுமிக்கு ஆகாது. உறுமல் எழுந்து அடங்குவதுதான் அதன் உருவமே. அந்தத் தானியங்கி அளவை நிறுத்த வசதியுள்ள பதிவுச் செயலியாகப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள், அளவைக் குறைவாக வைத்து, கொஞ்சம் தள்ளி நின்று பதியுங்கள்.

கோலத்தில் கோடு விளிம்பில் முட்டித் திரும்புகிற இடம் மொத்தம் 24. மேலும் கீழுமாக 14, இரு பக்கமும் 10. பக்கத்தில் திரும்பும்போது உறுமி, மேலேயும் கீழேயும் திரும்பும்போது பம்பையில் ஓர் அடி என்று வைத்தேன். 14 எண்ணிக்கைக்கு ஒரு தடவை உறுமி, 140 வேகத்தில் அது சரியாக ஆறு விநாடி. பம்பை 10 எண்ணிக்கைக்கு ஒன்று. இரண்டும் நெருங்கி நெருங்கி வந்து விலகும். எங்கே விழும் என்று ஊகிக்க முடியாது, ஆனால் விழுந்த பிறகு அது அங்கேதான் விழுந்திருக்க வேண்டும் என்று தோன்றும்.

படத்தை ஓட்ட பி5.ஜேஎஸ் என்ற நிரல் கருவியைப் பயன்படுத்துகிறேன். 2001இல் கேசி ரியாஸும் பென் ஃப்ரையும் தொடங்கிய புராசஸிங்கின் வழியில் வந்தது, உலாவியிலேயே ஓடும், இலவசம், நிரல் எழுதிப் பழக்கமில்லாத ஓவியர்களை நினைத்துச் செய்தது. இதில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். திரை விநாடிக்கு 60 தடவை புதிதாக வரைகிறது என்று நம்பி, ஒவ்வொரு தடவையும் கோட்டைக் கொஞ்சம் நகர்த்தினால், கணினி ஒரு நொடி திணறினால் படம் பின்தங்கிவிடும், ஒலியோ நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். அதனால் "இத்தனையாவது படம்" என்று எண்ணக் கூடாது, ஒலியின் கடிகாரத்திடம் "இப்போது எத்தனையாவது விநாடி" என்று கேட்டு அந்த இடத்துக்குக் கோட்டை வரைய வேண்டும். நடுவில் சில படங்கள் விட்டுப்போனாலும் கண் பொறுத்துக்கொள்ளும். தாளம் தவறினால் காது பொறுக்காது.

இவ்வளவும் ஆன பிறகு போட்டுக் கேட்டால், கணக்கு அழகாக இருந்தது, பாட்டு வெறுமையாக இருந்தது. சுரங்கள் படிக்கட்டில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தன. படமும் அப்படித்தான், கவராயத்தால் வரைந்தது மாதிரி எல்லாக் கோடும் ஒரே தடிப்பு. உண்மையான வேலை இங்கேதான் தொடங்கியது.

முதலில் காந்தாரம். கீழே சுருதிக்குத் தம்புராவின் ஒலிப்பதிவு ஓடுகிறது, மேலே மென்பொருளின் காந்தாரம் வரும்போதெல்லாம் ஏதோ உறுத்தியது. காரணம் தெளிவானது. மென்பொருள் ஒரு ஸ்தாயியைச் சமமாகப் பன்னிரண்டு துண்டாக வெட்டுகிறது, ஒரு துண்டு 100 சென்ட், மோகனத்தில் வருகிற அந்தர காந்தாரம் 400இல் வருகிறது. ஆனால் தம்புராவின் சட்ஜத் தந்திக்குள்ளேயே ஒரு காந்தாரம் ஒலிக்கிறதே, நன்றாகச் சுருதி சேர்ந்தால் பாடகர் பாடாமலே கேட்கும் அந்தக் காந்தாரம், அது 386இல் இருக்கிறது. 14 சென்ட் வித்தியாசம். பஞ்சமத்துக்கு வெறும் 2 சென்ட்தான், அதனால் அது உறுத்தவில்லை. கருவிகளும் கணினியும் சுரத்தைப் பரிமாறிக்கொள்ளும் மிடி முறையில் சுரத்தை வளைக்க 16,384 படி இருக்கிறது, நடு 8192. நான் வளைவின் எல்லையை இரு பக்கமும் 12 அரைச்சுரம் என்று அகலமாக வைத்திருந்தேன், அந்தக் கணக்கில் 14 சென்ட் என்பது 95 படிக்கு அருகில் வரும். காந்தாரம் வருகிற இடத்திலெல்லாம் அத்தனை படி கீழே இறக்கினேன். உறுத்தல் போய்விட்டது. மோகனத்தில் காந்தாரத்தை நேராக நிறுத்தலாம் என்பதால் இது நன்றாகவே எடுபட்டது.

பிறகு கோடு. பழைய பேனாப் பலகை ஒன்று நூற்றுச் சொச்சம் மலேசிய வெள்ளிக்குக் கிடைத்தது, பேனாவை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை 8192 படியாக அளக்கிறது. அழுத்தினால் கோடு தடிக்கும். அதை அம்மாவிடம் கொடுத்து ஐந்துக்கு ஏழு போடச் சொன்னேன். அம்மா புள்ளியை மடமடவென்று வைத்தார், எண்ணவே இல்லை. கோட்டைத் தொடங்கிக் கொஞ்ச தூரம் போனதும் நிறுத்திவிட்டார். "இது என்னப்பா, அழுத்துனாத் தடிக்குது? மாவு அப்படியா விழும்? கை வேகமாப் போனா மெலிசு, மெதுவாப் போனாத் தடிப்பு. நீ அழுத்தறத எடுத்துடு."

எவ்வளவு பெரிய விஷயம் பாருங்கள். கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவிலிருந்து மாவு ஒரே சீராக விழுந்துகொண்டிருக்கிறது. கை எங்கே தயங்குகிறதோ அங்கே மாவு கூடுகிறது. அதனால்தான் நல்ல சிக்குக் கோலத்தில் வளைவுகள் கொஞ்சம் தடித்தும் நீளுகிற இடங்கள் மெலிந்தும் இருக்கின்றன. கோட்டின் தடிப்பில் போட்டவரின் வேகம் பதிந்திருக்கிறது. இத்தனை வருடம் அம்மா கோலம் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்த எனக்குப் பேனாப் பலகை வந்த பிறகுதான் இது தெரிந்தது.

அழுத்தத்தை எடுத்துவிட்டு, பேனாவின் வேகத்தை அளந்து தடிப்புக்குக் கொடுத்தேன். அம்மா மறுபடி போட்டார், இந்தத் தடவை முழுக்கோலமும். புள்ளிக்குப் புள்ளி அவர் கை எங்கே எவ்வளவு வேகத்தில் இருந்தது என்பது கோப்பில் பதிந்துவிட்டது. நிரல் வரைகிற 140 வளைவும் இப்போது அந்தப் பதிவிலிருந்து வருகின்றன. உறுமியை வெட்டி எடுத்து வைத்தது போலவே அம்மாவின் வளைவுகளையும் வெட்டி வைத்து, ஒரே மாதிரி வளைவுக்கு ஒரே பதிவு திரும்ப வராதபடி மாற்றி மாற்றி எடுக்கச் சொல்லியிருக்கிறேன். மேள ஒலிகளைக் கணினியில் வைக்கிறவர்கள் எப்போதும் செய்கிற வேலைதான், ஒரே அடி இரண்டு தடவை அச்சு அசலாக வந்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும். கண்ணுக்கும் அதே குணம் இருக்கிறது.

அதன் பிறகு இதே வேகக் கோப்பை எடுத்துச் சுரத்துக்கும் கொடுத்துப் பார்த்தேன். காந்தாரத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஜாரு, அதாவது வழுக்கிக்கொண்டு, போக வேண்டுமென்றால் மென்பொருள் நேர்கோட்டில் ஏற்றும், அது ஆம்புலன்ஸ் போவது மாதிரிக் கேட்கும். அம்மாவின் கை ஒரு புள்ளியிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது மெதுவாகப் புறப்பட்டு, நடுவில் விரைந்து, சேரும்போது மறுபடி தயங்குகிறது. அந்த வேகத்திலேயே சுரத்தை நகர்த்தினேன். பாடகர் ஒருவர் குரலை நகர்த்துவது போல வந்தது என்று சொன்னால் மிகையாகிவிடும், ஆனால் கருவியை ஒரு மனிதர் வாசிக்கிறார் என்று நம்பலாம். கோடு தடிக்கிற இடத்தில் சுரம் நிற்கிறது, கோடு மெலிகிற இடத்தில் சுரம் வழுக்குகிறது. பார்க்கிறவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அம்மா பார்த்துவிட்டு "இது என் கோலம்தான்" என்றார்.

நிறத்தைப் பற்றிச் சுருக்கமாக. மாவின் வெள்ளை சுத்த வெள்ளை இல்லை, கொஞ்சம் பழுப்பு கலக்க வேண்டும். காவிக்கரை கட்டாயம். மயில் நீலத்தில் ஒரு பின்னணி வைத்தேன், திரையில் அவ்வளவு அழகு, காகிதத்தில் அச்சிட்டால் மங்கிவிடும், ஏனென்றால் திரை ஒளியைக் கலக்கிறது, அச்சு மையைக் கலக்கிறது, அந்த நீலம் மையின் எல்லைக்கு வெளியே இருக்கிறது. அச்சுக்கு என்றால் கரும்பச்சையே போதும்.

இப்போதெல்லாம் நாலு வரி எழுதிக் கேட்டால் பாட்டையும் படத்தையும் செய்து கொடுக்கிற கருவிகள் வந்துவிட்டன, அதில் செய்யலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். செய்யலாம். ஆனால் மாவு வேகத்துக்குத் தடிக்கும் என்பதை எனக்கு அது சொல்லியிருக்காது, நானும் அம்மாவிடம் கேட்டிருக்க மாட்டேன். எனக்குப் பாட்டு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு இதைத் தெரிந்துகொள்வதும் வேண்டும். அவசரமில்லாமல் ஒரு காந்தாரத்தை வாரம் முழுக்க வைத்துக்கொண்டிருப்பது தொழிலாகச் செய்கிறவர்களுக்கு வாய்க்காது, எனக்கு வாய்க்கிறது.

அடுத்து ஆறுக்கு ஒன்பது தொடங்கியிருக்கிறேன். மூன்று கோடு, ஒவ்வொன்றும் 72 வளைவு, ஆக மூன்று குரல். ஆறு வரிசைக்கு ஆறு சுரம் உள்ள ராகம் வேண்டும், ஸ்ரீரஞ்சனி எடுத்திருக்கிறேன். இதில் சாதாரண காந்தாரத்தை மோகனத்தில் செய்தது மாதிரி ஓர் இடத்தில் இறக்கி நிறுத்தினால் ராகமே வராது, அது அசைய வேண்டும், எவ்வளவு அசைய வேண்டும் என்பதைக் கணக்கில் பிடிக்க முடியவில்லை. பினாங்கிலோ பட்டர்வொர்த்திலோ வீணையோ வயலினோ வாசிக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த ஒரு காந்தாரத்தை மட்டும் எனக்காக வாசித்துப் பதியக் கொடுங்கள். நிரலையும் அம்மாவின் வேகக் கோப்பையும் பதிலுக்குத் தருகிறேன்.